பம்புசெட் போர்டு, வயல் சென்சார், களைக்கருவி: டிசைனைத் திறந்து விடும்போது எந்த லைசென்ஸ் போடலாம்?

நம்ம டெல்டா பக்கம் கொஞ்ச நாளா ஒரே கேள்வி வேற வேற ஆளுங்ககிட்டேருந்து வந்துக்கிட்டே இருக்கு. மன்னார்குடி பக்கம் ஒருத்தர் போர்செட்டுக்கு செல்போன்லேருந்தே ஆன் ஆஃப் பண்ற ஸ்டார்ட்டர் போர்டு வரைஞ்சு வெச்சிருக்கார், த்ரீ பேஸ் கரண்ட் நடுராத்திரி வந்தாலும் வரப்புல டார்ச் அடிச்சுக்கிட்டு நடக்க வேண்டாம்னு. தஞ்சாவூர்ல காலேஜ் பசங்க சில பேரு, காய்ச்சலும் பாய்ச்சலுமா தண்ணி கட்டுறதுக்கு வயல்ல நட்டு வைக்கிற ஓட்டைக் குழாய் இருக்குல்ல, அதுக்குள்ள நீர்மட்டம் பாத்து லோரா ரேடியோல அனுப்புற சென்சார் பண்ணியிருக்காங்க. கும்பகோணம் பக்கம் ஒரு லேத்துப் பட்டறைக்காரர், நெல் வயல்ல தள்ளிக்கிட்டே களை எடுக்குற கோனோ வீடர் கருவியோட உருளையை நம்ம களிமண்ணுல ஒட்டாம ஓடுற மாதிரி மாத்தியிருக்கார்.

மூணு பேருக்குமே டிசைனை எல்லாருக்கும் குடுக்கணும்னு ஆசைதான். ஃபைலைக் கிட்ஹப்ங்கிற பகிர்வுத் தளத்துல போடப் போனா அங்க லைசென்ஸ் எதுன்னு ஒரு பெரிய பட்டியல் வருது, அதுல பாதி சாஃப்ட்வேருக்கு எழுதினது, மீதி என்னன்னே புரியல, "அண்ணே, யாராச்சும் பெரிய கம்பெனிக்காரன் எடுத்துட்டுப் போயிட்டா என்ன பண்றது"ன்னு ஒரு பயம் வேற. அதனால இதை ஒரு தடவை விளக்கமா எழுதிடலாம்னு உக்காந்தேன்.

## முதல்ல எதை வெச்சு எடை போடுறது

லைசென்ஸ் பேரைப் பாக்குறதுக்கு முன்னாடி அஞ்சு விஷயத்துக்கு உங்களுக்கே பதில் தெரியணும்.

1. இந்தப் பொருளை யார் செய்யப் போறாங்க, யார் ரிப்பேர் பாக்கப் போறாங்க? நீங்களா, பட்டறையா, மோட்டார் காயில் கட்டுற கடைக்காரரா, ஃபேக்டரியா?
2. எடுத்துக்கிட்டவங்ககிட்டேருந்து என்ன திரும்ப வேணும்? பேரு மட்டும் போதுமா, இல்ல அவங்க பண்ற மாற்றமும் எல்லாருக்கும் கிடைக்கணுமா?
3. இதுல பேட்டன்ட் எடுக்கக்கூடிய புதுசு ஏதாவது இருக்கா?
4. டிசைன் முழுக்க உங்களோடதா, இல்ல அடுத்தவங்க வரைஞ்ச பகுதி, காலேஜ் லேப், மானியக் காசு இதெல்லாம் கலந்திருக்கா?
5. ஒருத்தர் மீறினா, கோர்ட்டு வரைக்கும் போக உங்களால ஆகுமா?

இதுல அஞ்சாவதை யாருமே யோசிக்கிறதில்ல, ஆனா அதுலதான் மத்த எல்லாமே அடங்கியிருக்கு. ஏன்னா ஹார்டுவேர்ல லைசென்ஸோட கை ரொம்ப நீளம் கிடையாது. சாஃப்ட்வேர்னா எழுதின புரோகிராம்தான் பொருள், அதைக் காப்பி அடிச்சா நேரடியா காப்பிரைட் மீறல். ஹார்டுவேர்ல காப்பிரைட் இருக்குறது நீங்க வரைஞ்ச ஸ்கீமேட்டிக் (சர்க்யூட் வரைபடம்), பிசிபி லேஅவுட் ஃபைலு, கம்ப்யூட்டர்ல வரைஞ்ச கேட் (CAD) டிராயிங், விளக்கம் எழுதின பக்கம் இதுங்க மேல மட்டும்தான். அந்தச் சர்க்யூட் வேலை செய்யுற விதம் யாரோட சொத்தும் இல்ல. உங்க போர்டைப் பாத்துட்டு இன்னொருத்தர் சொந்தமா புதுசா வரைஞ்சுட்டா உங்களால பெருசா ஒண்ணும் சொல்ல முடியாது.

நம்ம நாட்டுச் சட்டத்துல இன்னும் ஒரு படி மேல இருக்கு. 1957 காப்பிரைட் சட்டத்துல 2012 திருத்தத்துல வந்த பிரிவு 52(1)(டபிள்யூ) என்ன சொல்லுதுன்னா, டெக்னிக்கல் டிராயிங் மாதிரி ஒரு படத்தைப் பாத்து, ஒரு கருவியில முழுக்க முழுக்க வேலைக்காகவே இருக்குற பாகத்தைத் தொழில்முறையில செஞ்சா அது காப்பிரைட் மீறல் ஆகாது. பிரிவு 15-ஐயும் சேத்துப் பாருங்க: டிசைன் சட்டத்துல பதிவு பண்ணக்கூடிய ஒரு வடிவத்தைப் பதிவு பண்ணாம விட்டு, அதை வெச்சு உரிமையாளரோ அவர் அனுமதியோட இன்னொருத்தரோ 50 உருப்படிக்கு மேல அடிச்சுட்டா, அந்த டிசைன் மேல இருந்த காப்பிரைட் அதோட போச்சு.

அதனால "எவனும் செஞ்சு விக்கக் கூடாது"ங்கிற நெனைப்புல லைசென்ஸ் தேடாதீங்க. அப்படித் தடுக்குற பலம் எந்த லைசென்ஸுக்கும் கிடையாது. தடுக்கணும்னா அது பேட்டன்ட், டிசைன் பதிவு, டிரேட்மார்க் சமாச்சாரம். லைசென்ஸ் நல்லா பண்ற வேலை வேற, நேர்மையா நடந்துக்கணும்னு நெனைக்கிற ஆளுக்கு "இதை நீ தாராளமா எடுத்துக்கலாம், இப்படி நடந்துக்கோ"ன்னு எழுத்துல சொல்றது. இந்த ஒரு விஷயத்தை மனசுல வெச்சுக்கிட்டு ஒவ்வொண்ணா பாப்போம்.

## எதுவுமே போடாம சும்மா அப்லோடு பண்றது

நிறைய பேர் பண்றது இதான். லைசென்ஸ் ஃபைல் இல்லைன்னா யார் வேணா எடுத்துக்கலாம்னு நெனைக்கிறாங்க, சட்டப்படி நேர் எதிர், எல்லா உரிமையும் உங்ககிட்டயே இருக்குன்னு அர்த்தம். விவரம் தெரிஞ்ச ஆள் தொட மாட்டார், விவரம் தெரியாத ஆள் எடுத்துக்குவார். பேட்டன்ட்டுக்குப் போகலாமா வேண்டாமான்னு இன்னும் முடிவு பண்ணலைன்னா, லைசென்ஸ் இல்லாம அப்லோடு பண்றதுகூடத் தப்பு, அப்லோடே பண்ணக் கூடாது. காரணம் கீழ பேட்டன்ட் பகுதியில இருக்கு.

## கிரியேட்டிவ் காமன்ஸ் என்சி, அதாவது "வியாபாரத்துக்குக் கூடாது"

கிரியேட்டிவ் காமன்ஸ், சுருக்கமா சிசி, எழுத்து, படம் மாதிரி படைப்புகளைப் பகிர்றதுக்கு எழுதின லைசென்ஸ் வரிசை. என்கிட்ட கேக்குறவங்கள்ல முக்காவாசிப் பேர் கை வைக்கிறது இந்த என்சி வகையிலதான், பேரைக் கேட்டாலே பாதுகாப்பா தெரியுது. எனக்கு இதுல பலமான மாற்றுக் கருத்து இருக்கு, அதனால கொஞ்சம் நீட்டியே சொல்றேன்.

ஸ்டார்ட்டர் போர்டையே எடுத்துக்கோங்க. குறுவை நாத்து விட்டு மூணாம் நாள் அந்தப் போர்டுல ரிலே ஒட்டிக்கிச்சுன்னு வைங்க. மேட்டூர் ஜூன் 12-ல திறந்தாலும் கடைமடைக்குத் தண்ணி வந்து சேர்றதுக்குள்ள போர்செட்டை நம்பித்தான் நாத்தங்கால் நிக்குது. அந்த விவசாயி எங்க ஓடுவார்? பக்கத்து டவுன்ல மோட்டார் காயில் கட்டுற கடைக்குத்தான். கடைக்காரர் உங்க ஃபைலை இறக்கி, ஒரு புது போர்டு அடிச்சு, பாகம் போட்டு, கூலி வெச்சு 1,500 ரூபாய்க்குக் குடுத்தா அது வியாபாரம். என்சி போட்டிருந்தா அது கூடாது. கூலி வாங்காம அவரால கடை நடத்த முடியுமா? லேத்துப் பட்டறை, வாடகைக்கு மிஷின் விடுறவர், உழவர் உற்பத்தியாளர் நிறுவனம், இவங்க எல்லாருமே காசு கைமாறுற இடத்துல இருக்குறவங்க. பொழுதுபோக்குக்கு வீட்டுல போர்டு பண்றவங்களுக்கு மட்டும்தான் என்சி கதவு திறக்குது, நம்ம ஊர்ல அப்படி எத்தனை பேர் இருக்காங்க?

யாரை நெனைச்சுப் பயந்து இதைப் போடுறீங்களோ அந்தப் பெரிய ஆளை இது நிறுத்துமான்னா, மேல சொன்ன சட்டப் பிரிவுகளைப் பாருங்க, அவர் புதுசா வரைஞ்சுக்குவார். கடைசியில நின்னு போறது லைசென்ஸைப் படிச்சு மதிக்கிற நம்ம ஊரு ஆளுதான்.

இன்னும் ரெண்டு மறைமுகச் செலவு. என்சி போட்டா "ஓப்பன் சோர்ஸ் ஹார்டுவேர்"னு சொல்லிக்க முடியாது, 2011-ல வந்த அதோட வரையறை யார் எதுக்குப் பயன்படுத்தினாலும் தடை இருக்கக் கூடாதுன்னு சொல்லுது. அதனால ஓப்பன் சோர்ஸ் ஹார்டுவேர் அசோசியேஷன் 2016-லேருந்து இலவசமா குடுக்குற சான்றிதழும் கிடையாது. ரெண்டாவது, "வியாபாரம்"னா எதுவரைக்கும்னு கோடு தெளிவா இல்ல, ஒரு தொண்டு நிறுவனம் அடக்க விலைக்குக் குடுத்தா அது வியாபாரமா இல்லையான்னு கேட்டு உங்களுக்கே மெயில் வரும், பதில் சொல்லிக்கிட்டே இருக்கணும்.

என்சி பொருந்துற இடம் ஒண்ணு உண்டு. கருவியோட அசெம்பிளி வீடியோ, வகுப்புல நடத்துற பாடக் குறிப்பு இதையே நீங்க காசுக்கு விக்கிறீங்கன்னா, அந்த எழுத்துக்கு மட்டும் போட்டுக்கலாம். டிசைன் ஃபைலுக்கு வேண்டாம்.

## சிசி பை, சிசி பை-எஸ்ஏ

இதுவும் கிரியேட்டிவ் காமன்ஸ் வரிசைதான்: பைன்னா பேரைச் சொன்னா போதும், எஸ்ஏ சேந்தா மாத்தி வெளியிடுறதையும் அதே லைசென்ஸ்ல விடணும். எலக்ட்ரானிக்ஸ் கத்துக்கிறவங்க பயன்படுத்துற அர்டுயினோ போர்டோட டிசைன் பை-எஸ்ஏவுலதான் வந்துச்சு. அதனாலதான் ரிச்சி ஸ்ட்ரீட்லேருந்து திருச்சி வரைக்கும் எல்லாக் கடையிலயும் க்ளோன் போர்டு சட்டப்படியே கிடைக்குது, நம்ம பசங்க கம்மி விலைக்கு வாங்கிக் கத்துக்கிட்டாங்க. ஆனா அர்டுயினோங்கிற பேரு டிரேட்மார்க், க்ளோன்ல அந்தப் பேரை அடிக்க முடியாது. டிசைனை விட்டுட்டுப் பேரை மட்டும் பிடிச்சு வெச்சுக்கிற இந்த வழியை நல்லா கவனிங்க.

குறை என்னன்னா, இது எழுத்து, படம், பாட்டு இதுக்காக எழுதின லைசென்ஸ். 4.0 பதிப்புல பேட்டன்ட் உரிமையும் டிரேட்மார்க் உரிமையும் இதுல சேராதுன்னு நேராவே எழுதியிருக்கு. அப்போ ஒருத்தர் டிசைனைத் திறந்து விட்டுட்டு, பின்னாடி பேட்டன்ட் கைல வெச்சுக்கிட்டு வந்து நின்னா எடுத்தவங்களுக்குப் பாதுகாப்பு இல்ல. செஞ்சு விக்கிற பொருளோட டிசைன் ஃபைலும் போகணும்னு இதுல எங்கயும் இல்ல. விளக்கப் புத்தகம், போட்டோ, தமிழ்ல எழுதின செய்முறை இதுக்கெல்லாம் அருமையா பொருந்தும்.

## தாராளமா விடுறது: செர்ன் ஓஎச்எல்-பி, சோல்டர்பேட், பிஎஸ்டி வகை

ஜெனீவால இருக்குற செர்ன் ஆராய்ச்சிக் கூடம், தங்களோட எலக்ட்ரானிக்ஸ் டிசைன்களுக்காக 2011-ல ஒரு ஓப்பன் ஹார்டுவேர் லைசென்ஸ் எழுதினாங்க, அதான் செர்ன் ஓஎச்எல். 2020-ல ரெண்டாம் பதிப்பு வந்தப்போ அதை மூணாப் பிரிச்சாங்க, பி, டபிள்யூ, எஸ். மூணுலயும் பேட்டன்ட் அனுமதி உள்ளயே இருக்கு, பயன்படுத்துறவங்க மேல பேட்டன்ட் வழக்குப் போட்டா உங்க அனுமதியே போயிடும்.

இதுல பிங்கிறது பேரையும் நோட்டீஸையும் அழிக்காம வெச்சுக்கிட்டா போதும், மாத்தினதைக் காட்ட வேண்டாம், மூடி வெச்சு வித்துக்கலாம். சோல்டர்பேடும் அதே மாதிரிதான், அப்பாச்சிங்கிற சாஃப்ட்வேர் லைசென்ஸை ஹார்டுவேருக்கு ஏத்த மாதிரி மாத்தினது. ஐஐடி மெட்ராஸோட சக்தி பிராசஸர் இதே குணம் உள்ள பிஎஸ்டி லைசென்ஸ்ல வந்திருக்கு, கம்பெனிங்க தயங்காம எடுக்கணும்னா இப்படித்தான் விடணும்.

எது ஆதாயம்னா பரவல். உங்களுக்கு முக்கியம் அந்தக் கருவி நெறைய வயலுக்குப் போய்ச் சேர்றதுதான்னா இதைவிட லேசான வழி இல்ல. விலை என்னன்னா, ஒரு கம்பெனி அதை நல்லா மேம்படுத்தி, எபாக்ஸி பிசின் ஊத்தி மூடி வித்தா, அந்த மேம்பாடு நம்ம காயில் கடைக்காரருக்குக் கிடைக்காது. கேக்குற உரிமை உங்களுக்கும் இல்ல.

## திருப்பிக் கேக்குறது: செர்ன் ஓஎச்எல்-எஸ், டபிள்யூ

திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்துல நெல் ஜெயராமன் ஐயா பாரம்பரிய விதை குடுத்த முறை டெல்டாவுல எல்லாருக்கும் தெரியும். 2 கிலோ விதை வாங்கிட்டுப் போறவங்க அடுத்த வருஷம் 4 கிலோவா திருப்பிக் குடுக்கணும், அது இன்னும் ரெண்டு பேருக்குப் போகும். எஸ் லைசென்ஸோட மனசு அதேதான். ஒரு வித்தியாசம், உங்ககிட்டயே வந்து குடுக்கணும்னு இல்ல, மாத்தின பொருளை யாருக்குக் குடுத்தாங்களோ அவங்களுக்கு அந்த மாத்தின டிசைன் முழுசா, திருத்தக்கூடிய ஃபைலா, அதே லைசென்ஸ்ல கிடைக்க வழி பண்ணணும். வெறும் பிடிஎஃப்போ, போர்டு அடிக்கிற ஃபேக்டரிக்கு அனுப்புற கெர்பர் ஃபைலோ மட்டும் குடுத்துத் தப்பிக்க முடியாது, போர்டு வரையுற கீகேட் சாஃப்ட்வேர்ல வரைஞ்சிருந்தா கீகேட் ஃபைலே குடுக்கணும். தன் சொந்த வயலுக்கு மட்டும் மாத்தி வெச்சுக்கிட்டா யாருக்கும் காட்ட வேண்டாம்.

எல்லாரும் கேக்குற சந்தேகம்: ஈஎஸ்பி32 சிப் மூடின டிசைன் ஆச்சே, எஸ் போட்டா அதுவும் திறந்திருக்கணுமா? வேண்டாம். கடையில யார் வேணா வாங்கிப் பயன்படுத்தத் தேவையான விவரத்தோட கிடைக்கிற பாகத்தை "கிடைக்கும் பாகம்"னு லைசென்ஸே தனியா ஒதுக்கியிருக்கு. கீகேட் கூட வர்ற சிம்பல், ஃபுட்பிரின்ட் லைப்ரரி பை-எஸ்ஏல இருந்தாலும், அதைப் பயன்படுத்தி வரைஞ்ச போர்டுக்கு அது ஒட்டாதுன்னு விதிவிலக்கு எழுதியே வெச்சிருக்காங்க, பயப்பட வேண்டாம்.

டபிள்யூ இதுல நடுவாந்தரம். உங்க பகுதியை மாத்தினா அதைத் திறந்து காட்டணும், அதோட சேத்து மாட்டுற அவங்க சொந்தப் பகுதியை மூடி வெச்சுக்கலாம். வயல் சென்சார் மாதிரி பெரிய அமைப்புல ஒரு துண்டா உக்கார்ற பொருளுக்கு இது நல்லா சேரும், சென்சார் போர்டு திறந்தே இருக்கும், அதை வாங்கி, சென்சார் தகவலை இணையத்துக்கு அனுப்புற தன்னோட கேட்வே பெட்டியில மாட்டுற கம்பெனிக்கும் தொந்தரவு இல்ல.

எஸ்ஸோட மறைமுகச் செலவைச் சொல்லணும்ல. சில கம்பெனி வக்கீலுங்க பாத்தவுடனே வேண்டாம்னுடுவாங்க. பட்டறைக்காரர் போர்டு வித்தா ஃபைல் எங்க கிடைக்கும்னு வாங்குறவருக்குச் சொல்லணும், அந்தப் பழக்கம் நம்ம ஊர்ல இல்ல, நீங்கதான் போர்டு மேலயே லிங்க்கை அச்சடிச்சு அவர் வேலையைச் சுலபமாக்கணும். ஒரு வாய்ப்பும் இருக்கு: முழு டிசைனும் உங்களோடதுன்னா, ஊருக்கு எஸ்ல விட்டுட்டு, மூடி வைக்கணும்னு கேக்குற கம்பெனிக்குத் தனி ஒப்பந்தத்துல காசுக்கும் குடுக்கலாம். ஆனா வெளியாளுங்க திருத்தம் அனுப்பி நீங்க சேத்துக்கிட்டா அவங்க சம்மதமும் வேணும், அதை முன்கூட்டியே எழுதி வாங்கிடுங்க, பின்னாடி தேடிப்பிடிக்க முடியாது.

2007-ல வந்த டாப்பர் ஹார்டுவேர் லைசென்ஸும் இதே வகைதான், புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு செர்ன் போதும். ஜிபிஎல்ங்கிறது சாஃப்ட்வேர் லைசென்ஸ், அதைப் போர்டுக்குள்ள ஓடுற புரோகிராமுக்கு, அதாவது ஃபர்ம்வேருக்கு வெச்சுக்கோங்க.

## பேட்டன்ட் எடுத்துட்டு அப்புறம் பாக்குறது

புதுசா உண்மையிலேயே ஏதோ கண்டுபிடிச்சிருந்தீங்கன்னா இதையும் ஒதுக்கிடக் கூடாது. தனிநபருக்கு ஆன்லைன்ல விண்ணப்பக் கட்டணம் 1,600 ரூபாய், பரிசோதனைக்கு 4,000, மூணாவது வருஷத்துலேருந்து புதுப்பிக்கணும், 20 வருஷம் வரைக்கும் போகும். பெரிய செலவு இதுல இல்ல, எழுதிக் குடுக்குற ஏஜென்ட் கூலியிலயும், பின்னாடி வழக்கு நடத்துறதுலயும்தான். டிசைனை இணையத்துல போட்டுட்டா புதுமை போயிடும், அதுக்கப்புறம் விண்ணப்பிச்சுப் பிரயோஜனம் இல்ல. அதனால சந்தேகம் இருந்தா முதல்ல தற்காலிக விண்ணப்பம், 12 மாசத்துக்குள்ள முழு விண்ணப்பம், நடுவுல முடிவு.

நம்ம ஆளுங்களுக்கு இன்னொண்ணு. பேட்டன்ட் சட்டம் பிரிவு 3(எச்) படி விவசாய முறைக்குப் பேட்டன்ட் கிடையாது. காய்ச்சலும் பாய்ச்சலுமா தண்ணி கட்டுற முறை யாருக்கும் சொந்தமாகாது, குழாய்க்குள்ள இருக்குற கருவி மட்டும்தான் கணக்கு.

## ஒரே பார்வையில

| விருப்பம் | செஞ்சு விக்கலாமா | மாத்தினதைக் காட்டணுமா | பேட்டன்ட் அனுமதி | எப்போ நல்லது |
|---|---|---|---|---|
| எதுவும் போடாம | அனுமதி இல்ல | பேச்சே இல்ல | இல்ல | எப்பவும் வேண்டாம் |
| சிசி என்சி | கூடாது | எஸ்ஏ சேந்திருந்தா மட்டும் | இல்ல | பாடக் குறிப்பு, வீடியோ |
| சிசி பை-எஸ்ஏ | தாராளமா | வெளியிட்டா அதே லைசென்ஸ்ல | இல்ல | கையேடு, படம் |
| செர்ன் பி, சோல்டர்பேட் | தாராளமா | வேண்டாம் | உண்டு | வேகமா பரவணும்னா |
| செர்ன் டபிள்யூ | தாராளமா | உங்க பகுதி மட்டும் | உண்டு | பெரிய அமைப்புல ஒரு துண்டு |
| செர்ன் எஸ் | தாராளமா | முழுசும் | உண்டு | ஊர்லயே செஞ்சு ஊர்லயே ரிப்பேர் பாக்குற பொருள் |
| பேட்டன்ட் | நீங்க விட்டாதான் | இல்ல | நீங்க குடுத்தா | உண்மையான புதுமை, வழக்கு நடத்தத் தெம்பு |

## இந்த மூணு பேருக்கு என் யோசனை

ஸ்டார்ட்டர் போர்டுக்கு எஸ். ஒவ்வொரு ஊர்லயும் வோல்டேஜ், மோட்டார் குதிரைத்திறன், பேனல் எல்லாம் மாறுது, ஒரு காயில் கடைக்காரர் பண்ற திருத்தம் அடுத்த ஊர்க் கடைக்காரருக்குப் போய்ச் சேரணும், அது மூடின போர்டால நடக்காது. வயல் சென்சாருக்கு டபிள்யூ. ஆனா பசங்க முதல்ல காலேஜோட அறிவுசார் சொத்து விதியைப் படிக்கணும், லேப்ல பண்ணது காலேஜுக்குச் சொந்தம்னு கையெழுத்துப் போட்டிருந்தா லைசென்ஸ் குடுக்குற அதிகாரமே பசங்களுக்கு இல்ல.

களைக்கருவிக்கு நான் பி சொல்லுவேன், இதுல சில பேர் என்கூட ஒத்துப்போகல. இரும்பு உருளையைப் பாத்தாலே அளந்து செஞ்சுடலாம், வேலைக்காகவே இருக்குற பாகம், சட்டமும் தடுக்காது, அங்க எஸ் போட்டு நிபந்தனை எழுதுறது பட்டறைக்காரங்களைக் குழப்புறதுதான் மிச்சம். அதுக்குப் பதிலா பட்டறைப் பேரை டிரேட்மார்க் பண்ணிடுங்க, தனிநபருக்கு ஒரு வகுப்புக்கு ஆன்லைன்ல 4,500 ரூபாய். யார் வேணா செய்யட்டும், உங்க முத்திரை உங்க கையில வந்த கருவியில மட்டும் இருக்கும்.

## எந்த லைசென்ஸும் காப்பாத்தாத சில இடங்கள்

எல்லா லைசென்ஸுலயும் "உத்தரவாதம் இல்ல"ன்னு எழுதியிருக்கு. அது ஃபைலைக் குடுத்தவரைக் காப்பாத்தப் பாக்கும், 415 வோல்ட் போர்டைச் செஞ்சு வித்தவரை இல்ல. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல பொருளால வர்ற சேதத்துக்கு உற்பத்தியாளரும் விற்பவரும் பொறுப்புன்னு தனி அத்தியாயமே இருக்கு. ஈரக் கால் வெச்சு நிக்கிற ஆளு தொடப் போற பொருள் இது, எர்த்தும் ஃபியூஸும் எப்படிப் போடணும்னு கையேட்டுல தமிழ்ல, படத்தோட எழுதுங்க, எங்களுக்கெல்லாம் லைசென்ஸைவிட அதுதான் முக்கியம். லோரா சென்சாரை விக்கப் போறீங்கன்னா உரிமம் வேண்டாத அலைவரிசைதான்னாலும் தொலைத்தொடர்புத் துறையில ரேடியோ கருவிகளைப் பாக்குற டபிள்யூபிசி பிரிவோட ஒப்புதல் தனியா வாங்கணும்.

போடும்போது மூணாப் பிரிச்சுப் போடுங்க: டிசைன் ஃபைலுக்கு செர்ன், ஃபர்ம்வேருக்கு ஜிபிஎல்லோ அப்பாச்சியோ, கையேட்டுக்கு சிசி பை-எஸ்ஏ. லைசென்ஸ் முழு உரையையும் ஃபோல்டர்ல வைங்க, ஸ்கீமேட்டிக் ஓரத்துல இருக்குற கட்டத்துல பேரு, வருஷம், லைசென்ஸ் பதிப்பு எழுதுங்க, போர்டோட வெள்ளை அச்சுல ஃபைல் இருக்குற லிங்க்கைப் போடுங்க. ஒரு தடவை குடுத்த பதிப்பைத் திரும்ப வாங்க முடியாது, அடுத்த பதிப்புக்குத்தான் மாத்தலாம், அதனால பேட்டன்ட் முடிவும் காலேஜ் அனுமதியும் கைக்கு வந்த பிறகு அப்லோடு பட்டனைத் தொடுங்க.